கார் ஷோரூமில் எவ்வளவு வரை குறைத்துக் கேட்கலாம்?

வாசகர் கேள்வி: ஆடிச் சலுகை என்று 38,000 ரூபாய் குறைத்துத் தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். ஆன் ரோடு (எல்லாம் சேர்த்து) 9,50,000 வருகிறது. இன்னும் 20,000 குறைக்கச் சொன்னால் கொடுப்பார்களா, இல்லை கேட்பதே தப்பா?

2025 ஜூலை 19, சனி

கேட்பது தப்பே இல்லை. ஆனால் "இன்னும் 20,000" என்று மொத்தத்தில் கேட்காதீர்கள். நானும் இதே வாரம்தான் கோவை அவிநாசி சாலையில் ஒரு ஷோரூமில் இதே பேச்சைத் தொடங்கியிருக்கிறேன். நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக். எனக்கும் கிட்டத்தட்ட உங்கள் கணக்குதான் சொன்னார்கள். கொட்டேஷனை எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்தேன்:

எக்ஸ் ஷோரூம் 7,90,000. ஆயுள் வரி 1,02,700. இன்சூரன்ஸ் 46,800. ஆர்.டி.ஓ. செலவு 8,500. ஹேண்ட்லிங் 6,500. ஃபாஸ்டேக் 600. ஆக்சஸரீஸ் கிட் 18,900. கூடுதல் வாரண்டி 14,000. கூட்டினால் 9,88,000. அதில் 38,000 கழித்து 9,50,000.

இந்த எட்டு வரியில் முதல் இரண்டைத் தொட முடியாது. விலை கம்பெனி வைத்தது. ஆயுள் வரி அரசு வைத்தது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள கார்களுக்கு 13 சதவீதம். பேசுவதற்கு இடம் இருப்பதெல்லாம் கீழே உள்ள ஆறு வரிகளில்தான்.

2025 ஜூலை 20

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 38,000 எதனால் ஆனது என்று கேட்டீர்களா? நான் இன்று போனில் கேட்டேன். ரொக்கத் தள்ளுபடி 15,000. பழைய காரை அவர்களிடமே கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000. அவர்கள் பட்டியலில் இருக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தால் 3,000. பழைய கார் இல்லாமல், பட்டியலிலும் இல்லாமல் போகிறவருக்குக் கிடைப்பது வெறும் 15,000. பெரிய எண்ணை முதலில் சொல்லிவிடுகிறார்கள்; அதற்குள் நாம் வருகிறோமா என்பது பில் போடும் நாளில்தான் தெரிகிறது.

2025 ஜூலை 23

இன்சூரன்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகப் பணம் போவது இங்கேதான்.

புதுக் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 3 ஆண்டுக்கு எடுத்தே ஆக வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். அதன் தொகையை இன்சூரன்ஸ் ஆணையத்தோடு கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கிறது: 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை என்றால் 3 ஆண்டுக்கு 10,640, அதன் மேல் ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இது மாறாது. மாறுவது நம் வண்டிக்கான சேதக் காப்பீடும், அதோடு ஒட்டி வரும் பம்பர் டு பம்பர் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் காப்பீடு), இன்ஜின் பாதுகாப்பு போன்றவையும்தான். ஷோரூம் கொட்டேஷனில் 46,800 இருந்ததற்கு, அதே ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே பம்பர் டு பம்பர் வைத்து வெளியே விசாரித்தால் 29,500 வந்தது. இத்தனைக்கும் ஷோரூமில் சொன்னதும் பெரிய கம்பெனியின் பாலிசிதான்.

இன்னொன்று. ஓட்டுநரான உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அந்த அளவுக்கு விபத்துக் காப்பீடு இருந்தால் இரண்டாவதாக எடுக்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் ஓராண்டுக்கு எடுத்தால் போதும். என் கொட்டேஷனில் 3 ஆண்டுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

இன்சூரன்ஸை இங்கேதான் எடுக்க வேண்டும் என்று ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். கேஷ்லெஸ் என்றால் பழுதுச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக சர்வீஸ் சென்டருக்குக் கட்டுவது. பாலிசி கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் அந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், இருந்தது.

2025 ஜூலை 26

இன்று நேரில் போனேன். ஹேண்ட்லிங் சார்ஜை (வண்டியைக் கையாளும் கூலி என்று போடுவது) எடுக்கச் சொன்னேன். அது அரசுக்குப் போகிற பணமும் இல்லை, கம்பெனி விலைப் பட்டியலில் இருக்கிற பணமும் இல்லை. எதற்கான ரசீது தருவீர்கள் என்று மட்டும் கேட்டேன். விற்பனையாளர் தம்பி உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். "மேனேஜர் சரின்னுட்டாருங்க" என்று சிரித்தபடி புதுக் கொட்டேஷன் கொடுத்தார். ஹேண்ட்லிங்: 0.

6,500 மிச்சம். நீங்களும் இதை உறுதியாகக் கேளுங்கள்.

2025 ஜூலை 26, இரவு

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். வீட்டில் இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆக்சஸரீஸ் கிட் 18,900 என்பது 25,400 ஆகியிருக்கிறது. வித்தியாசம் சரியாக 6,500. மொத்தம் அதே 9,50,000.

அதனால் முதல் நாள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி வரியாகப் பேச வேண்டும், ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வரி குறைந்தும் மொத்தம் குறையவில்லை என்றால் பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய தாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் நான் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

2025 ஜூலை 30

"அந்தப் பையனைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் மூன்று ஆண்டு கார் விற்பனையில் இருந்தான். அவனிடம் நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். கார் விற்பதால் அவன் கைக்கு வந்ததைவிட, அதோடு இன்சூரன்ஸ் போனதா, லோன் போனதா, ஆக்சஸரீஸ் போனதா என்பதை வைத்து வந்ததுதான் அதிகமாம். மாதக் கடைசியில் டார்கெட் முடியாவிட்டால் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்களாம். தள்ளுபடியைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவனிடம் ஒரு ரூபாய்க்கும் இல்லை. உள்ளே போய் வருவது எப்போதும் நடிப்பில்லை, நிஜமாகவே கேட்டுத்தான் வர வேண்டும் என்றான்.

அதைக் கேட்டபின் நான் பேசும் முறையை மாற்றிக்கொண்டேன். தம்பியிடம் கோபப்படுவதில் பயனில்லை. "தம்பி, இந்த மூன்று வரி எனக்கு வேண்டாம், இந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மேனேஜரிடம் இந்தத் தாளையே காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அவர் என்ன பேசினார், நான் என்ன பேசினேன் என்ற குழப்பம் இல்லை. கூடுதல் வாரண்டி எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. அதை எடுப்பதாக முதலிலேயே சொன்னேன். அவருக்கும் கணக்கில் ஒன்று சேரும்.

2025 ஆகஸ்ட் 3

ஞாயிறு, வேலை இல்லை, அதனால் கொஞ்சம் வழி மாறிப் போகிறேன்.

சின்ன வயதில் தாத்தாவோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போவேன். தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். இத்தனை விரலுக்கு இத்தனை நூறு. சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தாத்தா விரலைக் கொடுப்பதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். பல் பார்க்காத மாட்டுக்கு அவர் விலையே சொன்னதில்லை.

காருக்குப் பல் என்றால் சேசிஸ் நம்பர், அதாவது வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண். நமக்கு ஒதுக்கிய வண்டி எந்த மாதம் தயாரானது என்று பணம் முழுவதும் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். அந்த நம்பரின் பத்தாவது எழுத்து பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும்; 2024க்கு ஆர், 2025க்கு எஸ். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 0825 என்றால் 2025இன் எட்டாவது வாரத்தில் தயாரான டயர். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஏறிவிடும், நாளைக்கு விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். யார்டில் ஆறு மாதம் வெயிலில் நின்ற வண்டி என்றால் அதற்குத் தனியாகக் குறைத்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பதிவு ஆனபின் "இந்த வண்டி வேண்டாம்" என்று சொல்ல முடியாது. பார்ப்பதெல்லாம் அதற்கு முன்னால்.

2025 ஆகஸ்ட் 8

ஈரோட்டுக்காரர் ஒருவருக்கு லோன் கணக்கு. "7 சதவீதம்தான் சார்" என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். அது ஃபிளாட்டா (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி), குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். 6 லட்சம், 5 ஆண்டு, ஃபிளாட் 7 என்றால் வட்டி 2,10,000, மாதம் 13,500. இதையே குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் சுமார் 12.5 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் ஒரு தாள் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

2025 ஆகஸ்ட் 16

ஆடி இன்றோடு முடிகிறது. ஆவணியில் டெலிவரி எடுப்பதாகத்தான் திட்டம். ஆனால் நேற்று செங்கோட்டையில் பிரதமர் ஜிஎஸ்டியைத் தீபாவளிக்குள் மாற்றியமைக்கப் போவதாகச் சொன்னார். இன்று காலை ஒன்பது மணிக்கே ஷோரூமிலிருந்து போன்: "இந்த வாரமே பில் போட்டுடலாங்களா சார், ஆஃபர் மாசக் கடைசி வரைக்கும்தான்." தள்ளுபடி 38,000லிருந்து 48,000 ஆகியிருக்கிறது, நான் கேட்காமலே.

காத்திருக்கிறேன். முன்பணம் 5,000தான் கொடுத்திருக்கிறேன், ரத்து செய்தால் திருப்பித் தருவதாக ரசீதில் எழுதி வாங்கியிருக்கிறேன். அதை எழுதி வாங்காதவர்கள் இன்று போய் எழுதி வாங்குங்கள்.

2025 செப்டம்பர் 4

நேற்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்துவிட்டது. நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு இதுவரை ஜிஎஸ்டி 28, செஸ் (கூடுதல் வரி) 1, ஆக 29 சதவீதம். செப்டம்பர் 22 முதல் 18. டீசல் என்றால் 1500 சிசி வரை. அதற்கு மேலே போனால் 40, ஆனால் செஸ் இல்லை.

இதில் ஒரு தவறு பலர் செய்கிறீர்கள். 11 சதவீதம் குறையும் என்று 7,90,000இல் 11 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. 7,90,000 என்பது வரி சேர்ந்த விலை. 1.29ஆல் வகுத்து 1.18ஆல் பெருக்குங்கள்: சுமார் 7,22,600. அதாவது 67,400 குறையும். ஆயுள் வரியும் விலையின் மேல்தான் என்பதால் அதிலும் 8,762 குறையும். ஆக 48,000 தள்ளுபடிக்கு அவசரப்பட்டிருந்தால் எனக்கு நஷ்டம்.

2025 செப்டம்பர் 13

காத்திருந்ததற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இன்று கேட்டால் ரொக்கத் தள்ளுபடி எதுவுமில்லை. எக்ஸ்சேஞ்ச் போனஸ் மட்டும் 12,000. நவராத்திரி 22ஆம் தேதியே தொடங்குகிறது, புது வரியும் அன்றே, ஷோரூமில் நிற்க இடமில்லை. கூட்டம் இருக்கும் நாளில் நம் பேச்சுக்கு மதிப்பு குறைவு.

பழைய கார் விஷயம். 2012இல் வாங்கியது. ஆர்.சி. 2027 வரைதான். ஷோரூம் 1,60,000 சொன்னது. போனஸ் சேர்த்தாலும் 1,72,000. தெரிந்த தரகர் மூலம் வெளியே 2,05,000க்குப் போயிற்று. ஆர்.சி. பெயர் மாறிய நகலைக் கொடுத்தால் போனஸ் தருவீர்களா என்று கேட்டேன். இந்தக் கம்பெனியில் தருகிறார்கள். எல்லாக் கம்பெனியிலும் இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பழைய காரில் ஐந்து ஆண்டு க்ளெய்ம் எடுக்காமல் இருந்தால் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது வண்டிக்குச் சொந்தமானது இல்லை, உங்களுக்குச் சொந்தமானது. விற்ற ஆவணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கினால் புது வண்டியின் சேதக் காப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம், 3 ஆண்டுக்குள். 29,500 சொன்ன பாலிசி எனக்கு 24,200 ஆனது இதனால்தான். ஷோரூமில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, நானும் ஜூலையில் இங்கே எழுத மறந்தேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 21

ஆர்.டி.ஓ. செலவு 8,500. இதைக் கடைசியாகத்தான் தொட்டேன். காருக்குப் பதிவுக் கட்டணம் 600, கடன் இருந்தால் அதை ஆர்.சி.யில் ஏற்ற 1,500. சாலைப் பாதுகாப்பு வரி, கார்டு, தபால் என்று சில உண்டு. மீதி ஏஜென்ட் வேலைக்கு. அந்த வேலையைச் செய்கிறவருக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அரசுக் கட்டணம் என்று ஒரே வரியாகப் போடுவதில்தான் ஆட்சேபம். பிரித்து எழுதச் சொன்னேன். எழுதும்போதே 5,500 ஆகிவிட்டது.

2025 அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை, இன்று காலை ராகு காலத்துக்கு முன்னால் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று.

கடைசிக் கணக்கு: எக்ஸ் ஷோரூம் 7,22,600. ஆயுள் வரி 93,938. இன்சூரன்ஸ் வெளியே 24,200. ஆர்.டி.ஓ. 5,500. ஃபாஸ்டேக் 600. வாரண்டி 14,000. மேட்டும் மட் ஃபிளாப்பும் 2,900. போனஸ் கழிவு 12,000. நிகரம் 8,51,738.

ஜூலையில் சொன்ன 9,50,000க்கு இது 98,262 குறைவு. ஆனால் அதைப் பேரத்தில் வந்ததாகச் சொன்னால் பொய். 76,162 அரசு குறைத்தது. பேசிப் பேசிக் குறைத்தது 48,100: இன்சூரன்ஸில் 22,600, ஆக்சஸரீஸில் 16,000, ஹேண்ட்லிங்கில் 6,500, ஆர்.டி.ஓ.வில் 3,000. அதில் 38,000 தள்ளுபடி 12,000 ஆனதால் இழந்த 26,000 போக, என் வாயால் வந்தது 22,100. முதல் நாள் கேட்டவர் "இன்னும் 20,000" என்றார். கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றிருக்கிறேன்.

முதலில் ஒதுக்கியது பிப்ரவரி வண்டி. டயரில் 0625. மாற்றிக் கேட்டேன், ஆகஸ்ட் வண்டி வர ஐந்து நாள் ஆனது. இதற்காகத் தம்பி என் முன்னாலேயே யார்டுக்கு மூன்று முறை போன் செய்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன், வீட்டில் செய்த சுண்டலும் கொடுத்தேன்.

2025 அக்டோபர் 11

பத்து லட்சத்தை ஒட்டிய வண்டி பார்க்கும் சேலத்துக்காரருக்கு: 10 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 13 அல்ல, 18. எக்ஸ் ஷோரூம் 9,95,000 என்றால் வரி 1,29,350. 10,05,000 என்றால் 1,80,900. விலையில் பத்தாயிரம் ஏறினால் வரியில் 51,550 ஏறுகிறது. சன்ரூஃபுக்காக அடுத்த மாடல் என்று விற்பனையாளர் சொல்லும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து உங்கள் பேரில் கட்டும் வருமான வரி) போடுவார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2026 ஜனவரி 18

தம்பி போன் செய்திருந்தார். வேறு கம்பெனி ஷோரூமுக்கு மாறிவிட்டாராம். என் மச்சினன் தை பிறந்ததும் கார் வாங்குவதாக இருந்தான், அங்கேயே அனுப்பினேன். 2025 டிசம்பரில் தயாரான வண்டிக்கு 30,000 தள்ளுபடி சொல்லியிருக்கிறார்கள். வண்டி ஒரு மாதம்தான் பழசு, ஆனால் ஆர்.சி.யில் 2025 என்று ஏறும். பத்து ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் வாங்கிக்கொள், மூன்று ஆண்டில் மாற்றுவதாக இருந்தால் இந்த ஆண்டு வண்டியைக் கேள் என்றேன். அவன் பத்து ஆண்டு ஓட்டுகிறவன். ஜூலையில் வாங்கிய என் முதல் கொட்டேஷனை நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், எட்டு வரியில் முதல் இரண்டை அடித்துவிட்டு.

சாயங்காலம் தம்பி ஒரு படம் அனுப்பினார். மச்சினனுக்குப் போட்ட புதுக் கொட்டேஷன். ஹேண்ட்லிங் என்ற வரியே அதில் இல்லை. ஆக்சஸரீஸ் தொகையையும் பார்த்தேன், மேட்டுக்கும் மட் ஃபிளாப்புக்கும் 2,900.